நினைவுக்கல்லில் இருக்கும் பெயர் யாருடையது? தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் நினைவுக்கல்லில் ஒரு சிப்பாயின் பெயரைப் பார்த்ததும் கை தானாகக் கைப்பேசிக்குப் போகிறது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் பேரரசுப் படைகளில் இருந்து இறந்தவர்களைப் பதிந்துவைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் தஞ்சாவூர் மாவட்டம் என்று போட்டிருக்கும் முதல் ஆளைப் பிடித்து, ‘இவர்தான் எங்கள் ஊர்க்காரர்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டெல்டாவில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். கோவிந்தசாமியும் முத்துசாமியும் இல்லாத தெரு இங்கே ஏது? படை எண், படைப்பிரிவு, தகப்பனார் பெயர், ஊர் என்ற நான்கில் குறைந்தது மூன்றேனும் பொருந்தாமல் மாலையை எடுக்க வேண்டாம்.

அதற்கு முன்பே கல்லைப் படிப்பதில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு எழுத்துப் பள்ளங்களில் ஏறி இறுகியிருக்கும். 3 எது, 8 எது என்று தெரியாது. உடனே உளி, கம்பி பிரஷ், ஆசிட் என்று இறங்குகிறார்கள். அதைவிட மோசம், எழுத்தின் மேல் கறுப்பு பெயின்ட் ஓட்டுவது. பெயின்டரின் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அதுவே பிறகு வரலாறாகிவிடும். பொழுது சாய்ந்ததும் டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். நாலு பக்கமிருந்தும் ஒளி காட்டிப் படம் எடுத்துக்கொண்டால் போதும், கல்லைத் தொடவே வேண்டாம்.

முதல் உலகப் போர்க் கற்கள் பலவற்றில் பெயரே இருக்காது. இங்கிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். திருச்சி காந்தி மார்க்கெட் நினைவுச்சின்னம் அந்த வகை. போனவர்களின் எண்ணிக்கையை இறந்தவர்களின் எண்ணிக்கையாக வாசித்துவிடக் கூடாது. 1914–1919 என்று ஆண்டு போட்டிருந்தால் அது பிழையும் அன்று. ஆணையமே அந்தப் போரின் கணக்கில் 1921 ஆகஸ்ட் 31 வரை நிகழ்ந்த மரணங்களைச் சேர்க்கிறது.

அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். ‘சாமி’க்கே நாலைந்து வடிவம், ழகரம் வந்தால் எல், இசட், ஆர் என்று அவரவர் இஷ்டம். முழுப் பெயரைத் தட்டாமல் முதல் நான்கு எழுத்தைப் போட்டுப் படைப்பிரிவால் வடிகட்டிப் பாருங்கள். தகப்பனார் பெயரையே சிப்பாயின் பெயராகப் பதிந்திருக்கவும் கூடும், ஆகவே இரண்டையும் மாற்றிப் போட்டுத் தேட வேண்டும். ஊர்ப் பெயரிலும் இன்றைய வரைபடம் உதவாது. நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல், திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல். அவர்கள் படையில் சேர்ந்த நாளில் எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. மயிலாடுதுறைக்கு மாயவரம் என்று பெயர்.

‘தாத்தா ஜெர்மன்காரனோடு சண்டை போட்டார்’ என்ற வீட்டுப் பேச்சை நம்பி நேரே பிரான்ஸ் போர்க்களத்தில் தேடப் போய்விடுகிறார்கள். 61ஆவது பயனியர் படையும் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 1914 நவம்பரில் ஜெர்மானியரோடு மோதிய இடம், இன்றைய தான்சானியாவில் இருக்கும் டாங்கா துறைமுகம். அதேபோல் எல்லாரையும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் போடுவதும் வழக்கமாகிவிட்டது. முதல் போரில் சென்னை மாகாணக் காலாட்படைகள் எண்ணோடுதான் இருந்தன. 1922 சீரமைப்பில் எண்கள் மாறின, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் படைகளே கலைக்கப்பட்டன. மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது இரண்டாம் உலகப் போரின்போது. அதன் மையம் வெலிங்டனில் இருக்கிறது, சாப்பர்கள் எனப்படும் பொறியியல் படையினருக்கான மையம் பெங்களூரில். விவரம் கேட்டு மையத்துக்குக் கடிதம் எழுதுமுன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

எண்ணும் படைப்பிரிவும் எங்கே கிடைக்கும்? பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியில் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். முதல் போர்ப் பதக்கங்களில் எண், பதவி, பெயர், படை ஆகியவற்றை அங்கேதான் பொறித்தார்கள். புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள்! அழுக்கோடு எழுத்தும் தேய்ந்துபோகும். உள்ளங்கையளவு வெண்கல வட்டத் தகடு, பிரிட்டானியாவும் சிங்கமுமாக இருந்தால் அது வேறு. இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்தது அது. அதில் பதவியோ படையோ இருக்காது, பெயர் மட்டுமே. பதக்கம் போருக்குப் போனதற்குச் சாட்சி, தகடு திரும்பி வராததற்குச் சாட்சி. இரண்டையும் ஒன்றாக்கி, ஊர் திரும்பி நிம்மதியாக வாழ்ந்த மனிதரைத் தியாகியாக்கிவிடுகிறோம்.

பெரிய நினைவிடத்தில் பெயர் இல்லை என்பதும் ஆதாரம் ஆகாது. இந்தியா கேட் சுவரில் இருப்பவை பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் பெயர்கள்தாம். ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் இந்தியச் சிப்பாய்களைப் படைவாரியாக எண்ணிக்கையில் குறித்துவிட்டு, பெயர்களைப் பதிவேட்டில் வைத்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போய் நேதாஜி படையில் சேர்ந்தவரை ஆணையப் பட்டியலில் தேடுவது வீண்வேலை. சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்களுக்கு, 2019இல் திறக்கப்பட்ட தில்லி தேசியப் போர் நினைவிடத்தைப் பார்க்க வேண்டும்.

காரைக்காலை மறந்துவிடுகிறவர்களும் அதிகம். 1954 வரை அது பிரெஞ்சு மண். அங்கிருந்து போனவர் பிரெஞ்சுப் படையில் இருந்திருப்பார், அவருக்கான பதிவு பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெமுவார் தெ சோம்’ (Mémoire des hommes) இணையதளத்தில் இருக்கும். 1881 ஆணைப்படி தனிச்சட்டத்தைத் துறந்த, அதாவது மத, சாதி வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டன. வீட்டில் கூப்பிட்ட பெயரை வைத்துத் தேடினால் ஆள் அகப்படமாட்டார். முதலில் அந்தக் குடும்பத்தின் பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள்.