வானத்தில் ஏதோ நகர்ந்ததா? போனை எடுக்கும் முன் மணியைப் பாருங்கள்

மொட்டை மாடியில் எங்களோடு வானம் பார்க்க வரும் புதியவர்கள், பழைய ஆட்களான நாங்கள் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். சிவப்பும் பச்சையுமாக மினுக்கிக்கொண்டு போவது விமானம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

நேரத்தைக் குறிக்காமல் வீடியோ எடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வெளிச்சத்தைக் கண்டதும் போனைத் தூக்கி, முடிந்தமட்டும் ஜூம் செய்கிறார்கள். இருட்டில் ஃபோகஸ் கிடைக்காமல் புள்ளி ஊதிப் பெருத்து, ஓரம் நெளியும் வட்டத் தட்டாகிவிடுகிறது. அப்புறம் "பறக்கும் தட்டு" என்று குரூப்பில் போடுகிறார்கள். அதற்குள் நிஜமான வெளிச்சம் போயே போய்விட்டது.

ஒரு தம்பி அப்படி ஒரு வீடியோ அனுப்பினான். "அண்ணா, ராத்திரி 11.40. சத்தமே இல்லாம தென்மேற்குல இருந்து வந்து நடுவானத்துல மறைஞ்சிடுச்சு" என்றான். போக்கைக் கேட்டால் சர்வதேச விண்வெளி நிலையம் போலவே இருக்கிறது, நேரம்தான் இடிக்கிறது. அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரிய ஒளி பட்டுத்தான் மின்னும். நம் ஊரில் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் அது பூமியின் நிழலுக்குள் இருக்கும், கண்ணில் படாது. விமானமா, பலூனா, டிரோனா என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் வீடியோ எடுத்த போனையே வாங்கி விவரத்தைத் திறந்தால், எடுத்த நேரம் மாலை 7.12! 11.40 என்பது குரூப்பில் அது வந்து விழுந்த நேரம். செயற்கைக்கோள்கள் எப்போது, எந்தப் பக்கம் கடக்கும் என்று காட்டும் ஹெவன்ஸ்-அபவ் இணையதளத்தில் அந்தத் தேதியைப் போட்டதும் விண்வெளி நிலையம் கடந்த பாதை அப்படியே பொருந்தியது. 'நடுவானத்தில் மறைந்தது' என்றானே, அது நிழலுக்குள் நுழைந்த இடம்.

குறிக்க வேண்டியது கொஞ்சம்தான்: நிமிடம் வரை மணி, முளைத்த திசை, மறைந்த திசை, அதிகபட்ச உயரம். கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ணுங்கள். சட்டென்று அணைந்ததா, மெல்ல மங்கியதா என்பதையும் எழுதுங்கள். வீடியோ அதற்கப்புறம்.

நிற்கும் கிரகத்தை நகர வைப்பது

இருட்டில் ஒற்றைப் புள்ளியையே உற்றுப் பார்த்தால் அது ஊர்வது போலத் தோன்றும். கண் செய்யும் வேலை அது. மேகம் குறுக்கே ஓடினால் கேட்கவே வேண்டாம். ஒரு தென்னை மட்டையையோ தண்ணீர்த் தொட்டியின் விளிம்பையோ அடையாளம் வைத்துக்கொண்டு பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2012 ஆகஸ்ட் முதல் மாதக்கணக்கில் லடாக் எல்லையில் நம் ராணுவத்தினர் மர்ம வெளிச்சங்களைக் கண்டு, சீன டிரோன்களோ என்று சந்தேகப்பட்டார்கள். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து பார்த்தபோது ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. ஆனால் ராணுவத்தினர் எத்தனை மணிக்குத் தெரிந்தது, எதுவரை தெரிந்தது என்று குறித்து வைத்திருந்தார்கள். நம் ஆட்களிடம் அது இருக்கிறதா?

படத்தில் மட்டும் தெரியும் பச்சைப் புள்ளி

லென்ஸுக்குள் தெருவிளக்கின் பிரதிபலிப்பு. அழித்துவிடுங்கள்.

"யாராலும் விளக்க முடியவில்லை"

யாரிடம் கேட்டீர்கள்?

கோத்த மாதிரி போகும் விளக்குகளுக்குப் பயப்படுவது

ஸ்டார்லிங்க், அதாவது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் இணையச் சேவைச் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் 60 செயற்கைக்கோள்களை மொத்தமாக ஏவியதிலிருந்து இந்த ரயில் வண்டி ஊர்வலம் பல நாடுகளில் பீதியைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. ஏவிய சில நாள்கள்தான் இப்படி நெருக்கமாக வரிசையில் போகும். பிறகு ஒவ்வொன்றும் உயரம் ஏறி, விலகி, மங்கிவிடும். ஆகவே முந்தைய சில நாள்களில் ஏவுதல் ஏதும் நடந்ததா என்று முதலில் தேடுங்கள்.