தீயில் மூடிய காடும் கையில் இருக்கும் டேக்கும்: கலிஃபோர்னியா மான் வேட்டைக்காரர்களுக்கு

கலிஃபோர்னியாவில் மான் சீசனும் தீ சீசனும் ஒரே மாதங்களில்தான் வருகின்றன. கடலோர ஏ மண்டலத்தில் துப்பாக்கி வேட்டை ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை தொடங்கும். வடமேற்கே பி மண்டலங்களில் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை. மழை கண்டு மாதக்கணக்காகி, புல்லும் புதரும் சருகாகக் கிடக்கும் நேரம் அது. ஒரு மண்டலத்தில் மான் வேட்டைக்கு அனுமதிக்கும் சீட்டுதான் டேக்; அதற்கான குலுக்கலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளோ ஜூன் 2. அதாவது, எந்தக் காடு எரியப்போகிறது என்று தெரிவதற்கு முன்பே மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து விடுகிறீர்கள். 2021இல் டிக்ஸி தீ ஜூலை 13 அன்று தொடங்கி, ப்ளூமஸ், லாசன் காடுகள் உட்பட 9 லட்சத்து 63 ஆயிரம் ஏக்கரை எரித்தது. அந்தப் பக்கத்து டேக்குகள் அதற்குள் பலர் கைக்கு வந்துவிட்டிருந்தன.

முதலில் மனதில் இருத்த வேண்டியது: சீசன் தேதியைக் குறிப்பவர் ஒருவர், காட்டின் வாசல் சாவி வைத்திருப்பவர் வேறொருவர். தேதி, டேக் எண்ணிக்கை, எந்த விலங்கு என்பதெல்லாம் மாநில மீன் - வனவிலங்குத் துறையின் வேலை. நீங்கள் வேட்டையாடும் நிலம் பெரும்பாலும் மத்திய அரசுடையது. நேஷனல் ஃபாரஸ்ட் எனப்படும் தேசியக் காடுகளைப் பார்ப்பது ஃபாரஸ்ட் சர்வீஸ், தாழ்வான புதர்க்காடுகள் பலவற்றைப் பார்ப்பது நில மேலாண்மைப் பணியகம் எனப்படும் பி.எல்.எம். தீ வந்தால் நிலத்தை மூடுவது இவர்கள். அதற்காக மாநிலம் சீசனைத் தள்ளிவைப்பதில்லை. 2020 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் 18 நேஷனல் ஃபாரஸ்டுகளும் மூடப்பட்டன. பல தீக்கள் சேர்ந்து, பின்னர் பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டிய ஆகஸ்ட் காம்ப்ளெக்ஸ் தீ மென்டசீனோ பக்கம் எரிந்துகொண்டிருக்கும்போதே, செப்டம்பர் 19 அன்று பி மண்டல சீசன் நாட்காட்டிப்படி தொடங்கியது.

ஆகவே ‘சீசன் தொடங்கிவிட்டது’ என்ற செய்தியை மட்டும் நம்பி வண்டியைக் கிளப்ப வேண்டாம். ‘காடெல்லாம் மூடிவிட்டார்கள்’ என்ற பேச்சைக் கேட்டு டேக்கைப் பெட்டியில் போட்டுவிடவும் வேண்டாம். மூடல் ஆணையை நீங்களே எடுத்துப் படியுங்கள்.

ஆணையைப் படிக்கும் முறை

ஒவ்வொரு ஆணைக்கும் ஓர் எண், தொடங்கும் முடியும் நாள், தடைப் பட்டியல், விதிவிலக்குப் பட்டியல், இணைப்பு வரைபடம் இருக்கும். அந்தந்தக் காட்டின் இணையப் பக்கத்தில் எச்சரிக்கைகள் பகுதியில் கிடைக்கும். வரைபடத்தை முதலில் பாருங்கள். தீயின் எல்லையும் மூடலின் எல்லையும் ஒன்றல்ல. மூடல் கோடு தீயைவிட அகலமாக, ஒரு சாலையையோ மலைமுகட்டையோ ஓடையையோ பிடித்துக்கொண்டு போகும். செல்பேசியில் வேட்டை வரைபடச் செயலி காட்டும் சிவப்பு எல்லை தீயின் எல்லை மட்டுமே. அதற்கு இரண்டு மைல் தள்ளி நின்றாலும் நீங்கள் மூடிய நிலத்தில் இருக்கலாம். கோடு சாலையின் எந்த ஓரத்தில் ஓடுகிறது, சாலையும் மூடலில் சேர்ந்ததா என்பதை எழுத்தில் சரிபாருங்கள். பல ஆணைகள் இதைத் தெளிவாகவே சொல்லும்.

அடுத்து விதிவிலக்கு. உள்ளே சொந்த வீடோ நிலமோ உள்ளவர், பணியில் இருக்கும் தீயணைப்பு வீரர், ஃபாரஸ்ட் சர்வீஸ் எழுத்து அனுமதி பெற்றவர் என்று பட்டியல் போகும். மான் டேக் அந்த அனுமதி ஆகாது. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மீறினால் தனிநபருக்கு 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

யாருடைய ஆணை என்பதும் முக்கியம். 2021 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு தொடங்கி செப்டம்பர் 17 வரை மாநிலமெங்கும் காடுகளை மூடிய ஆணை, ஃபாரஸ்ட் சர்வீஸின் பசிஃபிக் தென்மேற்கு வட்டாரம் போட்டது. சியரா மலைத்தொடரின் கிழக்கே பிரிட்ஜ்போர்ட் பக்கம் இருக்கும் ஹம்போல்ட்-டோயாபி காடு வேறு வட்டாரத்தைச் சேர்ந்தது, அதனால் அந்த ஆணைக்குள் வரவில்லை. பி.எல்.எம். நிலங்களும் அதில் அடங்கவில்லை. அந்த ஆணையைப் பெரும்பாலான காடுகளில் செப்டம்பர் 15 அன்றே, இரண்டு நாள் முன்னதாக, விலக்கினார்கள். ஆனால் தெற்கில் நான்கு காடுகள் மூடியே இருந்தன. ஆணையின் முடிவுத் தேதி நீளவும் செய்யும், சுருங்கவும் செய்யும். புறப்படும் காலை மறுபடி பாருங்கள். ஐயம் இருந்தால் ரேஞ்சர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, ஆணை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

காடு மூடாமல் தீக் கட்டுப்பாடு மட்டும் இருக்கும் நாட்களும் உண்டு. அப்போது விறகுத் தீ மூட்ட முடியாது, அல்லது குறிப்பிட்ட முகாம்களில் மட்டுமே மூட்டலாம். அடைக்கும் வால்வு உள்ள கேஸ் அடுப்பு பெரும்பாலும் சரி. ஆனால் முகாமுக்கு வெளியே அதற்கும் கலிஃபோர்னியாவில் இலவச கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும்.

டேக்கை என்ன செய்வது

விண்ணப்பிக்கும்போதே அதே மண்டலத்தில் மூன்று இடங்களைக் குறித்து வையுங்கள். ஒன்று நேஷனல் ஃபாரஸ்ட், ஒன்று பி.எல்.எம். நிலம், மூன்றாவது மாநில வனவிலங்குப் பகுதி அல்லது அனுமதி வாங்கிய தனியார் நிலம். மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தால் அது மாற்று ஏற்பாடே இல்லை. தனியார் மரக் கம்பெனி நிலத்தை நம்புபவர்கள் கவனிக்க: தீ அபாயம் ஏறினால் அரசு ஆணைக்குக் காத்திராமல் அவர்களே கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

மண்டலத்தில் பெரும்பகுதி மூடிவிட்டால், டேக்கைத் திருப்பிக் கொடுத்து, குலுக்கலில் முன்னுரிமை தரும் புள்ளியை மீட்க வழி உண்டா என்று மாநிலத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். நிபந்தனை ஆண்டுக்கு ஆண்டும், மாநிலத்துக்கு மாநிலமும் வேறுபடும். எங்கும் பொருந்தும் எச்சரிக்கை ஒன்று உண்டு: பயன்படுத்தாத டேக்கை, முடிந்தவரை சீசன் தொடங்கும் முன்பே கொடுங்கள். தொடக்க நாளில் ஒரு காலை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டால் ‘வேட்டையாடிவிட்டீர்களே’ என்ற கேள்வி எழும். பல ஆண்டுகள் சேர்த்த புள்ளிகள் ஒரு காலைப் பொழுதில் போய்விடும்.

தீ மூட்டாமல் வேட்டையாடுவது

தீயைத் தொடங்கி வைப்பவர் நீங்களாக இருந்துவிடக் கூடாது. 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டு கட்டாயம். பெரும்பாலோர் முழுச் செம்புக் குண்டு வைத்திருக்கிறார்கள். 2013இல் ஃபாரஸ்ட் சர்வீஸ் ஆய்வாளர்கள் துப்பாக்கிக் குண்டுகளை எஃகுத் தகட்டில் சுட்டுப் பார்த்தார்கள். எஃகு கலந்த குண்டும் முழுச் செம்புக் குண்டும் மோதியதும் சூடான துண்டுகளாகச் சிதறி, காய்ந்த தாவரப் பொருளைப் பற்றவைத்தன. ஆகவே ஸ்கோப் சரிபார்ப்பதை ஊரிலேயே, மண்மேடு உள்ள சுடுதளத்தில் முடித்துவிடுங்கள். காட்டில் பாறைச் சரிவைப் பார்த்துச் சுட்டுப் பழக வேண்டாம். மானைச் சுடும்போதும் பின்னால் இருப்பது மண்ணா பாறையா என்று பாருங்கள்.

வண்டியைக் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள். புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் சூடே போதும். டிரெய்லர் சங்கிலி தரையில் உரசித் தீப்பொறி விடாதபடி முறுக்கிக் கட்டுங்கள். மண்வெட்டி, தீயணைப்பான், குடிநீர் தவிர 20 லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும்.

முகாம் போடும் இடத்துக்கு இரண்டு வெளியேறும் வழி வேண்டும். ஒற்றைச் சாலை என்றால் அங்கே இரவு தங்காதீர்கள். வண்டியை முகப்பு வெளிப்பக்கம் பார்க்க நிறுத்தி, எரிபொருள் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்; தீயில் முதலில் போவது செல்பேசிக் கோபுரம். புகைத் தூண் கறுத்து, தடித்து, உங்கள் பக்கம் சாய்ந்தால் கூடாரத்தை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். நடந்து தப்ப வேண்டிவந்தால் மேடேறாதீர்கள். சரிவில் மேல்நோக்கித் தீ மனிதரைவிட வேகமாக ஓடும். ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலம், வெறும் பாறைவெளி, அகலமான சாலை எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள்.

எரிந்த காட்டுக்குள்

தீ அணைந்த பிறகும் மூடல் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும் நீளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றும். உள்ளே போனால் காரணம் தெரியும். வேர் வெந்த மரம் காற்றில்லாத நாளிலும் சாயும். அடிமரத்து வேர்கள் மண்ணுக்குள் வாரக்கணக்கில் கனன்று, மேலே வெள்ளைச் சாம்பல் மூடிய குழியாகக் கிடக்கும்; கால் வைத்தால் முழங்கால் வரை வெந்துவிடும். சாலைக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் வடிகுழாய் உருகி, மேல்மண் மட்டும் நிற்கும். வண்டி ஏறினால் உள்வாங்கும்.

திறந்த பின் போகும்போது நிற்கும் பட்ட மரங்களிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளிக் கூடாரம் போடுங்கள். காற்று எழுந்தால் எரிந்த தோப்பை விட்டு வெளியே வாருங்கள். நடக்கும்போது தடியால் முன்னே குத்திப் பாருங்கள். மழை வந்தால் ஓடை வாயில் நிற்க வேண்டாம்: வெந்த மண் தண்ணீரை உறிஞ்சாது, பதினைந்து நிமிடப் பெருமழையே மரமும் பாறையுமாகச் சேற்றை இறக்கிவிடும். முதல் இரண்டு ஆண்டுகள்தான் இதற்கு மிக ஆபத்தானவை. ஓடைத் தண்ணீரில் சாம்பல் இருப்பதால் வடிகட்டி சீக்கிரம் அடைபடும். துணியில் வடித்துவிட்டு ஊற்றுங்கள்.

மான்கள் எங்கே போகும்? பெரும்பாலும் எங்கும் போவதில்லை. 2018 மென்டசீனோ காம்ப்ளெக்ஸ் தீயின்போது ஹாப்லாண்ட் ஆய்வு நிலத்தில் இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை போட்டிருந்த கருவால் மான்கள், தீ கடந்த சில மணி நேரத்திலேயே தங்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன. தின்ன ஒன்றுமில்லாத நிலத்தில் அவை முதல் குளிர்காலத்தை மெலிந்து கழிக்கும். அடுத்த வசந்தத்தில் புல்லும் சிறு செடியும் தளிர்க்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து ஓக் கன்றும் புதர்த் துளிரும் மான் வாய்க்கு எட்டும் உயரத்தில் நிற்கும். ஊசியிலை பழுப்பாகித் தொங்கும் இடத்தில் தீ மெல்லப் போயிருக்கிறது. சுள்ளிகூட மிஞ்சாமல் வெள்ளைச் சாம்பல் கிடந்தால் நன்றாக வெந்த இடம், துளிர்க்க நாளாகும். தேட வேண்டியது இரண்டும் சந்திக்கும் விளிம்பை, அதிலும் எரியாத மறைவு பக்கத்திலேயே இருக்கும் விளிம்பை. கிழக்கே சேஜ்பிரஷ் என்ற வறண்ட நிலப் புதர் வளரும் இடங்களில் இந்தக் கணக்குப் பொருந்தாது. எரிந்த சேஜ்பிரஷ் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதில்லை, அந்த இடத்தைச் சீட்கிராஸ் என்ற களைப்புல் பிடித்துக்கொள்ளும், மானுக்குக் குளிர்காலத் தீனி பல ஆண்டுகளுக்கு இல்லை. அடுத்த ஜூன் 2க்குள் மண்டலத்தைக் குறிக்கும்போது, எரிந்து மூன்று முதல் பத்தாண்டு ஆன சியராச் சரிவைத் தேடுங்கள். சேஜ்பிரஷ் எரிந்த இடத்தைத் தவிருங்கள்.