கொலுப்படியை மடக்காதீர்கள், தை வரை அதற்கு வேலை இருக்கிறது

நான் பிறந்தது சேலம் அம்மாப்பேட்டையில், தறிக்காரர் வீட்டில். வாழ்க்கைப்பட்டது ஏற்காட்டில், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில். கல்யாணமான வருஷம் அம்மா கொடுத்தனுப்பிய மரப்பாச்சி ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழித்தபோது, அத்தைதான் "ஹால் மூலையில வை கண்ணு, நாங்க குடில் வைக்கிற இடந்தான் அது" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. புரட்டாசியில் கொலு, மார்கழியில் குடில், தையில் கரும்பு, எல்லாம் அதே மூலை.

முதல் நாலைந்து வருஷம் ஒவ்வொரு பண்டிகைக்கும் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று நாலு மாதத்தில் ஐந்து தடவை பரணேறி இறங்கினால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? இப்போது ஒரே ஒரு முறைதான் அடிப்படை போடுகிறேன். அதன்மேல் ஏறுவதும் இறங்குவதும் கொஞ்சம்தான்.

எது நிற்கலாம், எது போக வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் ஒரே சட்டம். அத்தை போட்டது. பூஜையில் உட்கார்ந்தது பெட்டிக்குப் போகும், அழகுக்கு நின்றது நிற்கும். கலசம், சாமி பொம்மைகள், மரப்பாச்சி எல்லாம் விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்த மறுநாளே உறைக்குள் போய்விடும். செட்டியார் கடை, பசுமாடுகள், ஆட்டு மந்தை, பித்தளைக் குடம், மூங்கில் தட்டு இவையெல்லாம் தங்கும். செட்டியார் கடைப் பக்கம் நின்ற மாடு டிசம்பரில் பெத்லகேம் தொழுவத்துக்கு நடந்துபோகும். மாட்டுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

அகல் விளக்கு மட்டும் தகராறில் இருந்தது. விளக்கேற்றியது பூஜைக் கணக்கு என்பாள் அம்மா. வாசலில் ஏற்றியது அழகுக் கணக்கு என்பார் அத்தை. கடைசியில் கார்த்திகைக்குப் புது அகல், மற்ற நாளுக்குப் போன வருஷத்து அகல் என்று ராஜியானது. புது அகலை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கவிழ்த்து உலர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் புது மண் ஓடு பாதி எண்ணெயைக் குடித்துவிடும். பழைய அகலின் பிசுக்குக்கு வெந்நீரும் அரப்புத்தூளும் போதும்.

சரி, படிக்கு வருவோம். எங்களுடையது ஐந்து படி, இரும்பு ஆங்கிளில் போல்ட்டு போட்டு முடுக்குவது. விஜயதசமி முடிந்ததும் மேல் இரண்டைக் கழற்றிவிட்டு மூன்றை விட்டுவிடுவேன். கொலுவுக்கு விரித்த வெள்ளை வேட்டியை எடுத்துவிட்டு, காபி மூட்டைச் சாக்கை நன்றாக உதறி, தையல் பிரித்து விரிப்பேன். சாக்கின் அந்த மண் நிறம்தான் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுகிறது. ஐப்பசியில் அதன்மேல் செண்டுமல்லியின் மஞ்சள் எடுக்கும், மார்கழியில் காபிப் பழத்தின் சிவப்பு எடுக்கும், பித்தளையும் பச்சை இலையும் எப்போதும் பொருந்தும். சரிகைத் துணி விரித்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு எதை வைத்தாலும் கல்யாண மண்டபம் மாதிரியே இருந்தது.

நடுப்படியில் ஒரு அரசாணிக்காய். பரங்கிக்காய் என்பார்களே, அதுதான். ஆயுத பூஜைக்குத் தெருவில் உடைக்கிற திருஷ்டிப் பூசணி வேறு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நன்றாக விளைந்து தோல் இறுகியதாக, நகம் இறங்காததாக, காம்போடு வாங்க வேண்டும். காம்பு ஒடிந்தால் அந்த வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். வெறும் சிமெண்டில் வைக்காமல் வைக்கோலைச் சும்மாடு மாதிரி சுருட்டி அதன்மேல் வையுங்கள். வாரம் ஒருமுறை தூக்கி அடியைப் பாருங்கள். இப்படி வைத்தால் புரட்டாசிக் காய் பொங்கல் வரை தாங்கும்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் அலங்காரம் பேசவே முடியாது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது சேலத்தில் பழமொழி. இங்கே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அது வீட்டுக்குள்ளேயே நடக்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற மேகம் ஜன்னல் வழியாக வந்து சோபாவில் உட்காரும். கிரேப் பேப்பர் தோரணம் மூன்றாம் நாள் தொங்கிப்போகும், சாயம் சுவரில் இறங்கும். காகிதமும் தெர்மாகோலும் வேண்டாம். ஓலை, மூங்கில், துணி, உலர்ந்த இலை இவைதான் நிலைக்கும்.

உலர்ந்த இலைக்கு என் ஓட்டு சில்வர் ஓக்குக்குத்தான். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற மரம். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் இருக்கும், கீழே விழுந்து கிடப்பதே போதும். ஈரம் துடைத்து, செய்தித்தாள் மடிப்பில் வைத்து, மெத்தைக்கடியில் ஒரு வாரம். அப்புறம் வாழைநாரில் ஒன்று விட்டு ஒன்று திருப்பிக் கோர்த்தால் பச்சைப் பழுப்பும் வெள்ளியுமாக மாறி மாறி வரும். கொலுவின்போது இதே சரத்தின் இடைவெளியில் செண்டுமல்லி செருகுவேன். பூ வாடினதும் பூவை மட்டும் உருவிவிட்டு, தீபாவளிக்கு மாவிலை, கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கொத்து. சரம் இறங்குவதே இல்லை. செண்டுமல்லியை சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் உதிரியாக வாங்குங்கள், ஆனால் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போகாதீர்கள். விலை கேட்டால் பூவே வேண்டாம் என்று தோன்றும். மிஞ்சின பூவை இடைவெளிவிட்டுக் கோர்த்து அடுப்புக்கு மேலே கட்டினால் துருநிறமாகக் காயும், அதுவும் நன்றாகவே இருக்கும்.

விளக்கில் ஒரே பிடிவாதம்: மஞ்சள் வெளிச்சம் மட்டும். தீபாவளிக்குப் பல கலரில் மினுக்குகிற சீரியல் செட் வாங்கினால் கார்த்திகைக்கு அது உதவாது, அகல் வெளிச்சத்தைத் தின்றுவிடும். மினுக்காத மஞ்சள் எல்.இ.டி. சரம் ஒன்று வாங்கினால் தை வரை அதே சரம் ஓடும். மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு வருஷம் மெல்லிய வயர் செட் வாங்கி, தாழ்வாரத்தில் அது படபடவென்று பொறிந்து ஃபியூஸ் போய், கார்த்திகையன்று உண்மையிலேயே அகலை மட்டும் நம்ப வேண்டியதாயிற்று. படத்தில் மிக நன்றாக விழுந்தது அந்த வருஷம்தான், அது வேறு கதை.

கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கடையில் வாங்குவதில்லை. இரண்டடி நீள மூங்கில் பிளாச்சு 10, அரை அடித் துண்டு 5. ஐந்து பிளாச்சைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒரு நட்சத்திரச் சட்டம். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனையிலும் கட்டிவிட்டு, உள்ளே பிளாச்சுகள் குறுக்கிடுகிற ஐந்து இடத்திலும் சின்னத் துண்டை நிறுத்தினால் வயிறு உப்பி நிற்கும். மேலே ஒட்டுவது அப்பா தறியில் மிஞ்சிய வெள்ளைப் பருத்தித் துண்டு. ஒட்டுவதற்கு ஜவ்வரிசிக் கஞ்சி. சேலத்துக்காரிக்கு வேறென்ன தோன்றும்? கஞ்சியில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலந்தால் பூஞ்சையும் பூச்சியும் அண்டாது. மயில்துத்தம் விஷம் என்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிண்டிய பாத்திரத்தைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். காய்ந்தால் துணி உடுக்கைத் தோல் மாதிரி விறைக்கும். உள்ளே 5 வாட் எல்.இ.டி. போதும், பழைய குண்டு பல்பின் சூடு துணிக்கு ஆகாது. வயரை ஹோல்டருக்கு நேராக இறக்காமல், ஒரு சாண் கீழே தொய்யவிட்டு மேலே ஏற்றுங்கள். வயரோடு வழிகிற தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். தாழ்வாரத்துக்கு உள்ளேதான் கட்ட வேண்டும், சாரலில் கஞ்சி கரையும்.

இந்த ஸ்டாரை நான் கார்த்திகைக்கே ஏற்றிவிடுவேன். அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. கீழே வரிசையாக அகல், மேலே ஒரு வெள்ளை ஸ்டார், நடுவே மூடுபனி. இதைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் சிவப்புக்கு இங்கே இரண்டு வழி. ஒன்று காபிப் பழம். நவம்பரிலிருந்து பழுக்கும், ஆனால் அது அடுத்தவர் வருமானம். கிளையை ஒடிக்காதீர்கள். பழம் பறிக்கிறவர்கள் வளைக்கும்போது தானாக முறிகிற கொப்பைக் கேட்டு வாங்குகிறேன். இரண்டாவது பாயின்செட்டியா, உச்சி இலைகள் பூ மாதிரி சிவக்கிற செடி. எங்கள் வீட்டு வாசலில் நட்டது மூன்று வருஷம் பச்சையாகவே நின்றது, அடுப்படிக்குப் பின்னால் எறிந்த குச்சி ரத்தச் சிவப்பானது. காரணம் தெருவிளக்கு. நீண்ட இருட்டு தொடர்ந்து கிடைத்தால்தான் அதன் மேலிலை சிவக்கும். ராத்திரி வெளிச்சம் படுகிற இடமென்றால் அக்டோபர் தொடங்கி இரண்டு மாதம், சாயங்காலம் ஆறு முதல் காலை எட்டு வரை சாக்கு போட்டு மூட வேண்டும். வெட்டினால் பால் வடியும், தோலில் பட்டால் அரிக்கும். வெட்டின நுனியைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் முக்கிவிட்டுச் சொம்பில் வைத்தால் சீக்கிரம் வாடாது.

குடிலுக்குப் புல்வெளி வேண்டுமே, அதற்குக் கேழ்வரகு. தட்டில் ஈர மண் பரப்பித் தெளித்தால் சேலத்தில் ஒரு வாரத்தில் எழும்பிவிடும். இங்கே குளிருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது, அதனால் டிசம்பர் 12 வாக்கில் போட்டுவிடுவேன். பஞ்சைப் பிய்த்துப் பனி என்று தூவுகிற வேலை மட்டும் வேண்டாம். விளக்குப் பக்கத்தில் பஞ்சு ஆபத்து, தவிர நிஜமான பனி ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது.

மார்கழி பிறந்தால் வாசல் மாறும். கோலப்பொடி பனியில் ஊறிச் சப்பிப்போகும், அதனால் ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் ஈரக்கோலம், சுற்றிக் காவி. சாணி உருண்டையில் செருகப் பூசணிப்பூ பறிக்கும்போது, காம்பு மெலிந்து நீண்ட ஆண்பூவை மட்டும் பறியுங்கள். அடியில் குட்டிப் பிஞ்சு உள்ளதைப் பறித்தால் காய் போச்சு.

கொலு பொம்மைகளை அக்டோபர் ஈரத்தில் உறையிட்டதால் பூஞ்சை பிடிக்க வாய்ப்புண்டு. நான் பருத்தித் துணியில் சுற்றி அடுப்படிப் பரணில் வைக்கிறேன், அங்கே வெதுவெதுப்பு. தை வெயில் வந்ததும் ஒருநாள் திறந்து காற்றாட விட்டு, மறுபடி கட்டிவிடுவேன். இலைச் சரமும் வைக்கோலும் போகி நெருப்புக்குப் போகும். சீரியல் வயரின் பிளாஸ்டிக் கவரை அதில் போடப் பெரியவன் ஒருமுறை பார்த்தான், காதைத் திருகினேன்.

நடுப்படியில் மூன்று மாதம் உட்கார்ந்திருந்த அரசாணிக்காயைப் பொங்கலன்று காலையில் அத்தைதான் வெட்டுவார். பாதி, மொச்சையும் அவரையும் போட்ட குழம்புக்கு, பாதி பக்கத்து வீட்டுக்கு. போன வருஷம் வெட்டினால் உள்ளே முழுக்க அழுகல். வாராவாரம் அடியைப் பார்த்த நான் காம்பைப் பார்க்க மறந்திருந்தேன். அன்றைக்குக் குழம்பில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு விழுந்தது.