உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்." பிரஷர் கருவியைப் பையிலிருந்து எடுக்கும்போதே பலரும் இப்படித்தான் சொல்வார்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து எங்கள் ஊரில் தன்னார்வலராக வீடு வீடாகப் போகிறேன். அப்படிச் சொன்னவர்களுக்கே 170, 180 காட்டியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் அப்பாவும் அப்படிச் சொன்னவர்தான். அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினார். சில மாதங்களில் ஒரு விடியற்காலை நெஞ்சை அடைத்தது, மாரடைப்பு. வாய்வு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தை வீணாக்கிவிட்டோம். அளவு சரியாக இருப்பதே மாத்திரையால்தான். டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தாதீர்கள்.

பிரஷர் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, பீடி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் மேல் கால் வேண்டாம். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை மேசையில் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். பேச்சும் கூடாது. ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். வேறு நாட்களிலும் 140/90-ஐத் தொட்டால் டாக்டரிடம் போக வேண்டும். 30 வயதைத் தாண்டியவர்கள் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொழுப்பு அளவையும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் உப்பு. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். பாக்கெட் பிரிக்கும் அன்று அதன் மேல் தேதி எழுதினேன். எங்கள் வீட்டில் 31-ஆம் நாளே காலி! ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பு இதில் சேரவே இல்லை. சோற்றில் உப்புப் போடுவதை நிறுத்தினேன், மோரில் கருவேப்பிலையும் இஞ்சியும் மட்டும். மூன்று வாரம் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது. இப்போது 46 நாள் வருகிறது. இந்துப்பும் உப்புதான், அதை நம்பி அள்ளிப் போடாதீர்கள்.

தையல்காரர் டேப்பால் இடுப்பையும் அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80-ஐத் தாண்டினால் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது. ஆள் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தாலும் இதே கணக்குதான். தினம் அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். பீடி, சிகரெட், அதக்கும் புகையிலை எதுவும் வேண்டாம்.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்குள் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கர்ப்பத்தில் பிரஷரோ சர்க்கரையோ இருந்த பெண்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரசவத்தோடு அது முடிந்துவிடுவதில்லை.

நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வாந்தியும் மட்டும் வரலாம். பெரிய மருத்துவமனை தூரம் என்று தயங்க வேண்டாம். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.