மேக், லெட் வந்தால் 'டு' வேண்டாம்: என் அனுபவம்

காவேரிப்பட்டணத்தில் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். 'ஹி மேட் மீ டு வெயிட்' என்றுதான் பாதிப்பேர் எழுதுவார்கள். காத்திருக்க வைத்தார், போக விட்டார், போக விரும்பினார்: தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'செய' என்னும் வடிவம். ஆங்கிலம் முன்னால் நிற்கும் வினையைப் பார்த்துப் பிரிக்கிறது: மேக், லெட் வந்தால் 'டு' வராது; அலவ், ஃபோர்ஸ் வந்தால் வரும்.

எந்த வினைக்கு 'டு' வரும், எதற்கு வராது என்ற பட்டியலை மனப்பாடம் செய்தால் பரீட்சை அறையில் மறந்துவிடும். அதனால் ஒரே பொருளை இரண்டு வினைகளில் ஜோடியாகச் சொல்ல வைத்தேன். 'லெட் அஸ் கோ', 'அலவ்டு அஸ் டு கோ'. 'மேட் அஸ் வெயிட்', 'ஃபோர்ஸ்டு அஸ் டு வெயிட்'. பலருடைய அம்மாக்கள் சீசனில் மாங்கூழ் ஆலை வேலைக்குப் போவதால் அடுத்த வாக்கியம் அங்கிருந்தே வந்தது: 'த சூப்பர்வைசர் மேட் தெம் வாஷ் த மேங்கோஸ்.'

உண்மையான சிக்கல் செயப்பாட்டு வினையில். அங்கே காணாமல்போன 'டு' திரும்பி வந்துவிடும்: 'தே வேர் மேட் டு வாஷ் த மேங்கோஸ்.' ஸீ, ஹியர் இரண்டுக்கும் இதே கதி: 'ஐ சா ஹிம் லீவ்', 'ஹி வாஸ் சீன் டு லீவ்.' லெட்டை மட்டும் இப்படி மாற்றாமல் 'வாஸ் அலவ்டு டு' என்று எழுதச் சொல்கிறேன்.

ஹெல்ப் இரண்டு விதமாகவும் வரும். 'ஹெல்ப்டு மீ குக்', 'ஹெல்ப்டு மீ டு குக்' இரண்டுமே சரி. இதில் ஒன்றைத் தப்பென்று அடித்து மதிப்பெண் குறைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஜோடியாகச் சொல்லிப் பழகிய பிள்ளைகள் இப்போது எழுதும்போதே 'டு'வைத் தாங்களே அடித்துத் திருத்துகிறார்கள்.