தேக்குக்கு அடியில் ஊறிய தளம்

சிங்கப்பூரில் 1978ல் கட்டிய 36 அடி ஃபைபர் மோட்டார் படகு. மேல்தளத்தில் தேக்குப் பலகை, பார்க்க அழகு. ஆனால் இடப்பக்கம் நடந்தால் கால் லேசாக அமுங்கியது. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் 'டக்', கெட்ட இடத்தில் 'தொப்'. சாக்பீஸால் கோடு போட்டால், ஒரு கதவு அளவுக்குப் போயிருந்தது.

காரணம் ஸ்குரூதான். பலகையை இறுக்கிய ஒவ்வொரு துளை வழியாகவும் மழைநீர் இறங்கி, இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே இருந்த பிளைவுட்டை ஊறவைத்திருந்தது. தேக்கைக் கழற்றி, மேல் அடுக்கை மட்டும் கிரைண்டரால் வெட்டித் தூக்கினேன். உள்ளே நனைந்த புகையிலை மாதிரி கறுப்புக் கூழ். கரண்டியாலேயே அள்ளினேன்.

நன்றாகக் காயவிட்டு, புது மரைன் பிளைவுட்டை எபாக்சியில் பதித்தேன். இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை அது. முதல் நாள் ஒரு முட்டாள்தனம்: ஒரே டப்பாவில் ஒரு லிட்டர் கலந்துவிட்டேன். மொத்தமாகக் கலந்தால் அது தானாகவே சூடேறும், வெயில் வேறு. சற்று நேரத்தில் டப்பா புகைந்து உருகியது. அப்புறம் 200 மில்லிக்கு மேல் கலக்கவில்லை. அதையும் உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுவேன்.

வெட்டிய மேல் அடுக்கையே திரும்ப ஒட்டினேன். வெட்டுக்கோட்டின் இருபுறமும், தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணி போட்டேன். எபாக்சி இறுகியதும் மேலே மெழுகு போல ஒன்று படியும். அதைத் தண்ணீரால் கழுவிய பிறகே உப்புத்தாள். இல்லாவிட்டால் அடுத்த பூச்சு பிடிக்காது.

தேக்கைத் திரும்பப் போடவில்லை, வழுக்காத பெயின்ட்தான். மனைவிக்கு வருத்தம். கழற்றிய பலகையில் அவளுக்கு ஒரு பெஞ்ச் செய்து கொடுத்தேன், ஸ்குரூ ஓட்டைகளோடு.