பாலக்காட்டுப் பக்கம் பழைய வீடு வாங்கியவர்களுக்கு: பிளான் போடுபவருக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறோம்?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினாலும் காதில் விழுவது தமிழ்தான். கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் தமிழ், பஸ்ஸில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ் வழி வகுப்பு. வேறு மாநிலத்துக்குக் குடிவந்துவிட்டோம் என்கிற நினைப்பே வராது. பழைய ஓட்டுவீடு ஒன்றை வாங்கி, இரண்டு அறை சேர்த்துக் கட்டலாம் என்று இறங்கும்போதுதான் அந்த நினைப்பு வரும். எனக்கு வந்தது, சமையலறைக் கூரை தொங்கிப்போன அன்று.

நடந்தது இதுதான். "பிளான் போடணும்" என்று பக்கத்தில் விசாரித்தேன். டவுனில் கம்ப்யூட்டர் வைத்து வரைந்து கொடுக்கிற ஒருவரிடம் அனுப்பினார்கள். 15,000 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். பத்தாம் நாள் "சாரே, பிளான் ரெடி" என்று போன் வந்தது. அழகான தாள், கலர் படம் வேறு. மனிதர் வீட்டுப் பக்கம் ஒருமுறைகூட வரவில்லை. தாளில் நடுச்சுவரைக் காணோம், அதனால் மேஸ்திரி அந்தச் சுவரை இடித்துவிட்டார். மேலே உத்தரம் உட்கார்ந்திருந்தது அந்தச் சுவரில்தான். கேட்டபோது வரைந்தவர் சொன்ன பதிலில் தப்பே இல்லை: "வரையத்தானே காசு கொடுத்தீங்க?"

வரைவது வேறு, பொறுப்பேற்பது வேறு, வந்து பார்ப்பது வேறு. மூன்றையும் ஒருவரே செய்யலாம், மூன்று பேரும் செய்யலாம். எந்த வேலைக்கு யாருக்கு எவ்வளவு என்று முதலில் தாளில் வந்துவிட வேண்டும். நான் இங்கே சொல்ல வருவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

கேரளத்தில் பிளானில் கையெழுத்துப் போட ஆர்க்கிடெக்டுக்கு மட்டுமல்ல, உரிமம் பெற்ற இன்ஜினியருக்கும் பில்டிங் டிசைனருக்கும் சூப்பர்வைசருக்கும் உரிமை உண்டு. யாருக்கு எவ்வளவு பெரிய கட்டடம் என்பதில் வரம்பு இருக்கிறது. ஆனால் போர்டில் "ஆர்க்கிடெக்ட்" என்று எழுதிக்கொள்ள எல்லோருக்கும் முடியாது. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் "சிஏ" என்று தொடங்கும், அடுத்து பதிந்த வருஷம், அப்புறம் ஒரு எண். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் வந்துவிடும், பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். எண்ணைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அவர் வேண்டாம்.

அந்தப் பதிவு இந்தியா முழுக்கச் செல்லும். அதனால் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ தெரிந்த ஆர்க்கிடெக்டையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அனுமதி விண்ணப்பம் இப்போது கே-ஸ்மார்ட் என்கிற ஆன்லைன் வழியில் போகிறது. 2024 ஜனவரியில் நகராட்சிகளுக்கும், 2025 ஏப்ரலில் பஞ்சாயத்துகளுக்கும் அது வந்தது. அதில் அவருக்குக் கணக்கு இருக்கிறதா, கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளில் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் டிசைன் அவர், அனுமதி வேலை உள்ளூர் லைசென்ஸி (பிளானில் கையெழுத்துப் போட உரிமம் பெற்றவர்) என்று பிரித்துவிடலாம். அப்படிப் பிரித்தால் இரண்டு கடிதம், இரண்டு கணக்கு.

இரண்டு மாடிக்குள், 300 சதுர மீட்டருக்குள் (சுமார் 3,200 சதுர அடி) இருக்கிற வீடுகளுக்கு, விதிப்படி இருக்கிறது என்று சொந்தக்காரரும் லைசென்ஸியும் தாங்களே உறுதி சொன்னால் அனுமதி உடனே கிடைக்கிற ஏற்பாடு உண்டு. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் பொய் என்று தெரிந்தால் அபராதம் உங்களுக்கும், உரிமம் போகிற ஆபத்து அவருக்கும். வீட்டை வந்து பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன் என்பவரைக் கண்டால் ஓடுங்கள். பெயிண்ட், பூச்சு, ஓடு மாற்றுவது, ஜன்னல் வைப்பது மாதிரிச் சில்லறை வேலைக்கு அனுமதி தேவையில்லை. சுவரை வெட்டுவது, அறை சேர்ப்பது, ஓட்டை இறக்கிவிட்டு வார்ப்பு போடுவது என்றால் தேவை. கான்கிரீட் தளத்தைத்தான் இங்கே வார்ப்பு என்கிறார்கள்.

வார்த்தை என்றதும் நினைவுக்கு வருகிறது. புரியாத மலையாள வார்த்தை நம்மை ஏமாற்றாது, புரிந்த மாதிரி இருக்கிற வார்த்தைதான் ஏமாற்றும். "ஆதாரம் கொண்டுவா" என்றால் நான் ஆதார் அட்டையை நீட்டினேன். அவர்கள் கேட்டது கிரயப் பத்திரம். கரம் ரசீது என்றால் நில வரி கட்டிய ரசீது. பணிக்கூலி என்றால் ஆள்கூலி, சாதனம் என்றால் சாமான். "சாதனம் சேர்த்தா, பணிக்கூலி மட்டுமா?" என்று காண்ட்ராக்டரிடம் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது "நிலம்". நமக்கு எந்த இடமும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் நிலம் என்று எழுதியிருந்தால் அது நெல்வயல். வீடு கட்டத் தகுந்த இடத்தின் பெயர் புரையிடம். நிலம் என்று பதிந்த இடத்தில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் கட்டடத்துக்குக் குறுக்கே நிற்கும். வீடு ஏற்கெனவே நிற்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். வீட்டின் அடியில் புரையிடம், பின்பக்கத் தோட்டம் மட்டும் நிலம் என்று இருந்த கதைகள் உண்டு, நீங்கள் அறை சேர்க்க நினைத்ததும் அந்தப் பின்பக்கமாகவே இருக்கும். ஆர்க்கிடெக்டுக்கு முதல் ரூபாய் கொடுப்பதற்கு முன் கரம் ரசீதையும் ஆதாரத்தையும் அவரிடம் காட்டுங்கள். நல்லவர் முதலில் கேட்பதே அதைத்தான். கல்பாத்தி மாதிரி பாரம்பரிய மண்டலத்தில் அக்ரகார வீடு வாங்கியவர்களுக்கு முகப்பைத் தொடவே தனிச் சம்மதம் வேண்டும். அங்கே ஏற்கெனவே வேலை செய்த ஆளைத்தான் தேட வேண்டும்.

இனிப் பணம். மூன்று விதமாகக் கேட்பார்கள்: சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தச் செலவில் இத்தனை சதவீதம், அல்லது ஒரே தொகை. நம் ஊர் மேஸ்திரிகள் "சதுரத்துக்கு" என்று 100 சதுர அடிக் கணக்கில் பேசுவார்கள். இங்கே சதுர அடிதான், கேட்கும் தொகையைப் பார்த்து மலிவு என்று மயங்கவேண்டாம். புது வீட்டுக்குச் சதவீதம் சரி. பழைய வீட்டுக்கு எனக்கு அது பிடிப்பதில்லை. 20 லட்ச ரூபாய் வேலைக்கு 8 சதவீதம் என்று பேசினால் 1,60,000. ஓட்டைப் பிரித்துப் பார்த்தால் ஓட்டைத் தாங்குகிற கழுக்கோல் மரம் முழுக்கக் கரையான், செலவு 26 லட்சம் ஆகிறது. கட்டணமும் தானாக 2,08,000 ஆகிவிடும். அவர் கூடுதலாக ஒன்றும் வரைந்திருக்க மாட்டார். அதனால் டிசைனுக்கு ஒரே தொகை, வந்து பார்ப்பதற்கு ஒவ்வொரு வருகைக்கும் இவ்வளவு என்று பேசுவது என் வழி. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் மேலே 18 சதவீதம் வரும். அது தொகைக்கு உள்ளேயா வெளியேயா என்று முதல் நாளே கேளுங்கள். 1,60,000க்கு அது 28,800 ரூபாய், விட்டுவிடக்கூடிய தொகை அல்ல.

முதல் வேலையாக, இருக்கிற வீட்டை அளந்து வரைந்து தரச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் தனியாக ஒரு சிறு தொகை. எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது, வெட்டுக்கல்லா செங்கல்லா, மரம் எங்கே உளுத்திருக்கிறது, எல்லாம் அதில் வர வேண்டும். அதைச் செய்கிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும். டேப்பை உதவியாளரிடம் கொடுத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருப்பவரா, ஏணி போட்டு மச்சுக்கு மேலே ஏறுபவரா? என் இரண்டாவது ஆள் ஏறினார். சட்டை முழுக்க ஒட்டடையோடு இறங்கிவந்து, "அண்ணா, இந்த மரத்தை மட்டும் யாருக்கும் வித்துடாதீங்க" என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மீதித் தொகையைத் தவணையாகப் பிரிக்கும்போது கவுன்சில் வகுத்த படிகள் நல்ல அளவுகோல். நியமிக்கும்போது சிறு முன்பணம், முதல் யோசனைப் படம் வந்தபின் கொஞ்சம், அனுமதி கிடைத்ததும் கொஞ்சம், வேலைக்கான விரிவான படங்களுக்குக் கொஞ்சம், பிறகு வேலை நடக்க நடக்கச் சிறுகச் சிறுக, கடைசி 10 சதவீதம் வேலை முடிந்த படங்கள் கைக்கு வந்தபின். பாதியைக் கையில் வாங்கிக்கொண்டு தொடங்குகிற வழக்கம் இந்தப் பக்கம் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். இடையில் பிரிய நேர்ந்தால் அதுவரை வரைந்ததை வைத்து வேலையைத் தொடரலாம் என்று கடிதத்தில் ஒரு வரி இருக்கட்டும். டைல்ஸ் கடையிலோ காண்ட்ராக்டரிடமோ தான் கமிஷன் வாங்குவதில்லை என்று இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரியைப் படித்ததும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

வாஸ்துவிலும் ஒரு பஞ்சாயத்து வரும். அம்மா மனையடி சாஸ்திரப்படி அறை உள்ளளவு 11 அடி வேண்டும், 12 ஆகாது என்றார். இங்குள்ள ஆசாரி அடியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவருடைய அளவு கோல், ஒரு கோல் 72 சென்டிமீட்டர், அவருக்கு அறையின் நீளம் அகலம் அல்ல, சுற்றளவுதான் கணக்கு. இருவருமே விடவில்லை. ஆர்க்கிடெக்ட் இரண்டு நாள் உட்கார்ந்து சுவரின் கனத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டு கணக்குக்கும் பொருந்துகிற அளவு ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன். உங்கள் வீட்டில் யாருடைய சாஸ்திரம் என்பதை முதல் படத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் சொன்னால் எல்லாப் படமும் மறுபடி.

பஞ்சாயத்தில் ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தால் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தமிழிலேயே கொடுக்கலாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. ஆன்லைன் விண்ணப்பம் மட்டும் லைசென்ஸியின் பாடு. வேலை முடிந்து பரப்பு கூடியிருந்தால் வீட்டு வரி மாறும். மொத்தப் பரப்பு 100 சதுர மீட்டரைத் தாண்டினால் வருவாய்த் துறையின் ஒரு தடவைக் கட்டட வரியும் உண்டு. இதையும் செலவுக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

லாரியில் மரமும் ஜல்லியும் வந்து இறங்கும்போது ஆட்கள் வருவார்கள். இறக்குகிறவர்களுக்குக் கூலி நியாயம். வேடிக்கை பார்த்ததற்குக் கேட்கிற நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. கொடுக்கவே வேண்டாம்.

வேலையை எப்போது முடித்தாலும், ஆர்க்கிடெக்டின் ஒரு வருகைக்கான பணத்தை மட்டும் ஜூன் மாதத்து இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) என்று ஒதுக்கிவையுங்கள். பழைய ஓட்டுக்கூரையும் புது வார்ப்பும் சேருகிற மூட்டில்தான் தண்ணீர் இறங்கும். எங்கள் வீட்டில் இரண்டாம் நாள் இறங்கியது. ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். மழை விடுவதற்குள் வந்துவிட்டார்.